அரண்மனை அழிந்தது, ஓசை எஞ்சியது

ஆப்பிரிக்க மண்ணின் வாத்தியங்களை ஊர் ஊராகச் சென்று பதிவு செய்தார் ஹியூ டிரேசி. அந்தப் பதிவுகள் இப்போது பிறந்த ஊர்களுக்கே திரும்புகின்றன. அதுதான் இந்தக் கதையின் முக்கியமான அத்தியாயம்.

1966 மே 24. உகாண்டாவின் கம்பாலா நகரில், மெங்கோ குன்றின் மேல் இருந்த புகாண்டா முடியரசின் மன்னர் அரண்மனைக்குள் ராணுவம் புகுந்தது. அனுப்பியது மில்டன் ஒபோட்டேயின் அரசு. படையை நடத்தியவர், பின்னாளில் உலகமே அஞ்சிய இடி அமீன். மன்னர் இரண்டாம் முட்டேசா மதிலைத் தாண்டித் தப்பி, லண்டனில் தஞ்சம் புகுந்து, மூன்று ஆண்டுகளில் அங்கேயே இறந்தார். 1967-ல் வந்த அரசியல் சட்டம் உகாண்டாவின் முடியாட்சிகளை அடியோடு ஒழித்தது.

வரலாற்று நூல்கள் இதை அரசியல் கதையாகச் சொல்லி முடித்துக்கொள்ளும். அதே நாளில் ஓர் இசை மரபும் வெட்டுப்பட்டதை அவை பெரிதாகச் சொல்வதில்லை. அரண்மனைச் சேவகத்தில் இருந்த கலைஞர்கள் சிதறி ஓடினார்கள். முரசுகளும் மற்ற வாத்தியங்களும் நாசமாயின. அவற்றில் ஒன்று எண்டெங்கா. பெரிதும் சிறிதுமாக 15 தோல் முரசுகளை வரிசையாக வைத்து 6 பேர் வாசிக்கும் இசை அது. 12 முரசுகளுக்குச் சுருதி சேர்த்திருப்பார்கள். நான்கு பேர் நீண்டு வளைந்த குச்சிகளால் பாட்டின் மெட்டையே அந்த முரசுகளில் எடுப்பார்கள். மற்ற இருவரும் மீதி மூன்று முரசுகளைப் பார்த்துக்கொள்வார்கள். முரசு தாளத்துக்கு மட்டும்தான் என்று நினைப்பவர்கள் ஒரு முறை எண்டெங்காவைக் கேட்க வேண்டும். தோல் பாடும்.

இந்த இசை மன்னருக்கு மட்டுமே உரியது. அரண்மனைக்கு வெளியே வாசிக்கும் வழக்கம் இல்லை. ஆகவே ஊரில் வேறெங்கும் இன்னொரு எண்டெங்கா கிடையாது. கிராமக் கோயில் ஒன்றில் மேளம் நின்றுபோனால் பக்கத்து ஊர் மேளமாவது இருக்கும். இங்கே அதற்கும் வழியில்லை. அரண்மனை விழுந்த அன்றே எண்டெங்காவும் வாயடைத்துப்போனது.

ஆனாலும் இன்று நம்மால் அதைக் கேட்க முடிகிறது. தாக்குதலுக்கு 14 ஆண்டுகள் முன்பு, 1952-ல், ஒலிப்பதிவுக் கருவிகள் ஏற்றிய வண்டியோடு புகாண்டாவுக்கு வந்து, மன்னரின் கலைஞர்களை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து போயிருந்தார் ஒருவர். அவர் பெயர் ஹியூ டிரேசி.

புகையிலைத் தோட்டத்தில் கேட்ட பாட்டு

டிரேசி பிறந்தது 1903-ல், இங்கிலாந்தின் டெவன் பகுதியில். முதல் உலகப் போரில் காயம்பட்ட அவருடைய அண்ணன் லெனார்டுக்குத் தெற்கு ரொடீசியாவில் விவசாய நிலம் கிடைத்தது. இன்றைய ஜிம்பாப்வேதான் அது. அண்ணனுக்குத் துணையாக 1921-ல் தம்பியும் கப்பலேறினார். புகையிலைத் தோட்டத்தில் கராங்கா இனத்து ஆட்களோடு சேர்ந்து வேலை செய்தார். அவர்கள் மொழியைக் கற்றார். வேலைக்கிடையே அவர்கள் பாடியதைத் தானும் சேர்ந்து பாடினார்.

அந்தக் காலத்தில் அங்கிருந்த வெள்ளையர்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பாட்டு வெறும் இரைச்சல். கிறிஸ்தவ மிஷன்கள் பல, முரசையும், விரலால் மீட்டும் ம்பிரா என்ற வாத்தியத்தையும் பேய் வழிபாட்டோடு சேர்த்து ஒதுக்கின. தோட்டத்தில் கேட்ட இளைஞருக்கோ அதற்குள் இலக்கணமும் கவிதையும் வரலாறும் இருப்பது தெரிந்தது. 1929-ல் கொலம்பியா நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் குழு தென்னாப்பிரிக்காவின் ஜோஹன்னஸ்பர்க்குக்கு வந்திருப்பதைக் கேள்விப்பட்டு, 14 கராங்கா இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு சுமார் 800 கிலோமீட்டர் பயணம் செய்தார். ரொடீசிய மண்ணின் இசை தட்டில் ஏறியது அப்போதுதான்.

இங்கிலாந்து போனபோது ரால்ஃப் வான் வில்லியம்ஸ், கஸ்டவ் ஹோல்ஸ்ட் என்ற இரு பெரிய இசையமைப்பாளர்களும் இந்தச் சேகரிப்பைத் தொடரும்படி அவரை ஊக்குவித்தார்கள். 1930களின் தொடக்கத்தில் கார்னகி அறக்கட்டளையின் நிதி கிடைத்தது. பிறகு தென்னாப்பிரிக்க வானொலியில் ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்தார். 1947-லிருந்து காலோ இசைத்தட்டு நிறுவனத்தின் ஆதரவோடு முழுநேரமும் ஆப்பிரிக்க இசையைத் தேடிப் போகத் தொடங்கினார். தென்னாப்பிரிக்கா, ரொடீசியா, மொசாம்பிக், மலாவி, சாம்பியா, காங்கோ, ருவாண்டா, உகாண்டா, கென்யா, டான்சானியா என்று அந்தப் பயணங்கள் நீண்டன. 1954-ல் இந்தச் சேகரிப்புக்கென்றே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். அதுதான் இன்றைய சர்வதேச ஆப்பிரிக்க இசை நூலகம். 'சவுண்ட் ஆஃப் ஆப்பிரிக்கா' என்ற வரிசையில் மட்டும் 210 நீண்டநேர இசைத்தட்டுகளை அந்த நூலகம் வெளியிட்டது. ஒரு கண்டத்தின் நாட்டார் இசைக்கு இத்தனை பெரிய அளவில் தனியொருவர் செய்த பணி வேறொன்று எனக்குத் தெரிந்து இல்லை.

கையில் மைக், கண் கடிகாரத்தில்

டிரேசியின் பதிவுகளை முதல்முறை கேட்பவர்கள் ஆச்சரியப்படுவது அவற்றின் தெளிவைக் கண்டுதான். காட்டு வெளியில், மரத்தடியில், 70 ஆண்டுகளுக்கு முன் எடுத்த பதிவில் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாகக் காதில் விழுகிறது. காரணம், அவர் வேலை செய்த விதம்.

மைக்கை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு அவர் ஒதுங்கி உட்கார்வதில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு கலைஞர்களுக்கு நடுவே நிற்பார். பாடகர் எடுக்கும்போது பாடகரிடம், முரசு எழும்போது முரசிடம், மரச்சட்ட வாத்தியத்தில் ஒரு நுணுக்கம் வரும்போது அதன் பக்கம் என்று கையை நகர்த்திக்கொண்டே இருப்பார். அதற்கு அந்தப் பாட்டின் போக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஆகவே முதலில் உட்கார்ந்து கேட்பார். யார் எங்கே நிற்பது என்று இடம் மாற்றி அமைப்பார். பிறகுதான் பதிவு. மின்சாரம் இல்லாத ஊர்களுக்கு ஜெனரேட்டரைக் கொண்டுபோவார். அதன் சத்தம் பதிவில் விழாதபடி அதைத் தொலைவில் நிறுத்தி, நீளமான வயரை இழுத்துக்கொண்டு வருவார்.

இன்னொரு கையில் நிறுத்துக் கடிகாரம். அந்தக் கால இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் 3 நிமிடம்தான் அடங்கும். இரவெல்லாம் நடக்கும் ஆட்டத்தை 3 நிமிடத்துக்குள் கொண்டுவருவது எப்படி? நேரம் நெருங்கும்போது கையால் சைகை காட்டுவார். குழு ஒரு முத்தாய்ப்போடு முடிக்கும். இந்தப் பதிவுகளைக் கேட்கும்போது இதை மறக்கக் கூடாது. நாம் கேட்பது முழுப் பாட்டை இல்லை. தொழில்நுட்பம் அனுமதித்த ஒரு பகுதியைத்தான்.

பதிவு முடிந்ததும் வேலை முடிந்துவிடாது. ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் அட்டை எழுதுவார். எந்த ஊர், எந்த இனம், எந்த மொழி, யார் பாடியது, என்ன வாத்தியம், அதன் சுருதி என்ன, எந்தச் சமயத்தில் பாடுவது, பொருள் என்ன என்று அந்த அட்டை சொல்லும். புகாண்டா மன்னரின் யாழ்க் கலைஞர் டெமுட்டேயோ முகாசாவின் பெயர் இன்றைக்கும் நமக்குத் தெரிவது இப்படி எழுதிவைத்ததால்தான். எனங்கா என்னும் அவருடைய யாழுக்கு 8 நரம்புகள். வில்லைப் போல வளைந்த கழுத்து. பழந்தமிழர் வில்யாழ் என்று அறிந்திருந்த வடிவம் அது. நம்மிடம் பெயரும் வருணனையும் மிஞ்சின, ஓசை போய்விட்டது. புகாண்டாவில் ஓசையும் தட்டில் இருக்கிறது.

மூவர் வாசிக்க, நான்காவது பாட்டு

இந்த இசை எவ்வளவு நுட்பமானது என்பதற்குப் புகாண்டாவின் அமடிண்டா ஒன்றே போதும். இது 12 மரச்சட்டங்கள் கொண்ட வாத்தியம். வெட்டிய வாழை மரங்கள் இரண்டைத் தரையில் போட்டு, அவற்றின் மேல் சட்டங்களைக் குறுக்கே அடுக்குவார்கள். வாழையின் ஈரமான, மெத்தென்ற உடல் சட்டத்தின் அதிர்வை அமுக்காமல் தாங்கிக்கொள்ளும். மூன்று பேர் எதிரெதிராக உட்கார்வார்கள்.

முதலாமவர் சீரான இடைவெளியில் ஒரு சுரவரிசையை வாசிக்கத் தொடங்குவார். இரண்டாமவர் அவருடைய ஒவ்வொரு தட்டுக்கும் சரியாக நடுவில் தன்னுடைய வரிசையை நுழைப்பார். ஒரே உரலில் இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். ஒருவர் கை ஏறும்போது மற்றவர் கை இறங்கும். இம்மி பிசகினாலும் உலக்கைகள் மோதிக்கொள்ளும். இரண்டு வரிசைகளும் பின்னிக்கொண்டு அதிவேகமாக ஓடும்போது, இருவருமே வாசிக்காத ஒரு மெட்டு காதில் எழும்பும். அடிச் சட்டங்களில் விழும் சுரங்கள் ஒன்றுசேர்ந்து தனிப் பாட்டாகக் கேட்கும். மூன்றாமவரின் வேலை அதைப் பிடிப்பதுதான். அவர் உச்சியிலுள்ள இரண்டு சட்டங்களில் மட்டும் அந்த மெட்டை எடுத்துக் காட்டுவார்.

ஆஸ்திரிய ஆய்வாளர் கெர்ஹார்ட் குபிக் 1959-ல் கம்பாலாவுக்கு வந்து, அரண்மனை இசையறிந்த எவாரிஸ்டோ முயிண்டாவிடம் மாணவராக உட்கார்ந்து இதைக் கற்றார். யாரும் தனியாக வாசிக்காத மெட்டு கேட்பவர் காதில் உருவாவதை விளக்கி அவர் எழுதியவை, உலக இசை ஆய்வில் பெரிய திறப்பு. ஆதி இசை, எளிய இசை என்று நாட்டார் இசையைப் பற்றிப் பேசிவந்தவர்களுக்கு இது நேரடியான மறுப்பு.

ஆர்மோனியத்தில் அடங்காத சுருதி

டிரேசி ஊர் ஊராகத் தூக்கிச் சென்ற இன்னொரு பெட்டியில் இசைக்கவைகள் இருந்தன. விநாடிக்கு 212 அதிர்வில் தொடங்கி 424 வரை, 4 அதிர்வுக்கு ஒன்றாக வரிசைப்படுத்திய கவைகள். வாத்தியக்காரர் ஒரு சட்டத்தைத் தட்ட, இவர் கவையைத் தட்டி ஒப்பிட்டு எண்ணைக் குறித்துக்கொள்வார். மின்னணுக் கருவி இல்லாத காலத்தில் காதை மட்டும் நம்பிச் செய்த அளவீடு.

அந்த எண்கள் சொன்ன செய்தி பெரிது. புகாண்டாவின் வாத்தியங்களில் ஒரு ஸ்தாயி ஏறக்குறைய ஐந்து சம பங்காகப் பிரிந்திருந்தது. மொசாம்பிக்கின் சோப்பி மக்களிடம் ஏறக்குறைய ஏழு சம பங்கு. பியானோவிலோ ஆர்மோனியத்திலோ இந்த இடங்கள் கிடையாது. மேற்கத்திய இசைக்குறியில் எழுதினாலும் தப்பாகத்தான் வரும். இந்தச் சுருதியைச் சரியாகக் காப்பாற்ற மூன்று இடங்கள்தான் உண்டு. ஒன்று வாத்தியம் செய்பவரின் காது, இரண்டாவது வாத்தியம், மூன்றாவது ஒலிப்பதிவு. முதல் இரண்டும் போன இடங்களில் மூன்றாவதுதான் சாட்சி.

சோப்பி மக்களின் டிம்பிலா வாத்தியத்தைக் கவனித்துப் பாருங்கள். தெற்கு மொசாம்பிக்கின் சவாலா பகுதிதான் அதன் தாயகம். ம்வென்ஜே என்னும் கடினமான மரத்தில் சட்டம் செதுக்கி, நெருப்பில் வாட்டி, சீவிச் சீவிச் சுருதிக்குக் கொண்டுவருவார்கள். ஒவ்வொரு சட்டத்துக்குக் கீழும் அதன் சுருதிக்கு ஏற்ற அளவில் காய்ந்த காய் ஓடு ஒன்றைக் காட்டுத் தேன்மெழுகால் ஒட்டுவார்கள். அந்த ஓட்டில் ஒரு துளை இட்டு, அதன் மேல் மெல்லிய சவ்வு ஒன்றைப் பொருத்துவார்கள். சட்டத்தைத் தட்டும்போது சவ்வு அதிர்ந்து ரீங்காரமிடும். அந்த ரீங்காரம் இல்லாத டிம்பிலா, உப்பில்லாத பண்டமாகத்தான் அவர்களுக்குப் படும். பல அளவுகளில் இப்படிச் செய்த டிம்பிலாக்கள் ஒன்றாக முழங்க, பாட்டும் ஆட்டமும் சேர்ந்து பல பகுதிகளாக விரியும் பெரிய நிகழ்ச்சி அரங்கேறும். ஊர் நடப்பு, தலைவர்கள் மீதான விமர்சனம், வரிக் கொடுமை எல்லாம் பாட்டில் வரும். கட்டினி, கொமுகொமு என்ற இரண்டு பெரும் சோப்பி இசையமைப்பாளர்களின் படைப்புகளை அவர்கள் பெயரோடு 1948-ல் நூலாக்கினார் டிரேசி. நாட்டார் பாட்டுக்கு ஆசிரியர் கிடையாது என்று உலகம் பேசிக்கொண்டிருந்த காலம் அது.

டிம்பிலாவை 2005-ல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் கலைப் பொக்கிஷமாக அறிவித்தது. ஆனால் ம்வென்ஜே மரம் அருகிவருகிறது. காடு போனால் வாத்தியமும் போகும்.

இணையக் கடைகளில் நம் பிள்ளைகள் வாங்கி விரல் நுனியால் மீட்டும் கலிம்பாவும் இந்தக் கதையிலிருந்து வந்ததுதான். ஜிம்பாப்வேயின் ம்பிராவையும் அதன் உறவு வாத்தியங்களையும் பார்த்து, 1950களில் டிரேசி உருவாக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தது அது. உலகம் முழுக்கப் பரவியது. அதற்காக மேற்கத்தியச் சுருதிக்கு மாற்றப்பட்டது, ரீங்காரமும் கழற்றப்பட்டது. கலிம்பா இனிமையான வாத்தியம், மறுப்பதற்கில்லை. ஆனால் அதைக் கேட்டு ம்பிராவைக் கேட்டுவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. முன்னோர் ஆவியை அழைக்க விடியவிடிய வாசிக்கும் ம்பிராவின் ஓசை அந்தப் பழைய பதிவுகளில் இருக்கிறது, ஜிம்பாப்வேயின் இன்றைய ஷோனா இனக் கலைஞர்களின் கையில் இருக்கிறது.

யாருடைய சொத்து?

டிரேசியைக் கொண்டாடுவதோடு நிறுத்தினால் கதை பாதிதான். அவர் போனது காலனி ஆட்சியின் பாதைகளில். ஊருக்குள் நுழைய உதவியவர்கள் பெரும்பாலும் வெள்ளை அதிகாரிகளும் அவர்களுக்குக் கட்டுப்பட்ட தலைவர்களும். வாசி என்று துரை சொன்னால் மாட்டேன் என்று சொல்லும் உரிமை எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? பணம் தந்தவர்களில் சுரங்க முதலாளிகளும் உண்டு. ஜோஹன்னஸ்பர்க் தங்கச் சுரங்கங்களில் வேலை பார்த்த தொழிலாளர்களின் ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களை அவர் நூலாக எழுதினார். அந்தத் தொழிலாளர்கள் அடைபட்டுக் கிடந்த விடுதிகளின் அநீதி அந்த நூலின் படங்களின் ஓரத்தில்தான் தெரிகிறது. பழைய இசை கலப்பில்லாமல் இருக்க வேண்டும் என்ற பிடிவாதமும் அவருக்கு இருந்தது. அப்படியிருந்தும் 1952-ல் காங்கோவில் ஜான் போஸ்கோ ம்வெண்டா என்ற இளைஞர் கிட்டார் வாசித்ததைக் கேட்டு மயங்கிப் பதிவு செய்தார். அந்தப் பதிவே போஸ்கோவை ஆப்பிரிக்கா முழுக்க அறிமுகம் செய்தது.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி உரிமை. பாடியவருக்குக் கிடைத்தது அன்றைய சிறு சன்மானம். பாட்டோ தட்டாகி, பல்கலைக்கழக அலமாரிகளில் ஏறி, பிற்காலத்தில் குறுந்தகடாகவும் வந்தது. பாடியவரின் கிராமத்தில் மட்டும் அது இல்லை. ஆப்பிரிக்க இசையின் வரலாற்றில் இந்தக் காயம் ஆழமானது. ஜோஹன்னஸ்பர்க்கில் 1939-ல் சாலமன் லிண்டா பாடிப் பதிவான 'ம்பூபே' என்ற பாட்டு உலகமெங்கும் பல வடிவங்களில் கோடிகளைச் சம்பாதித்தது. லிண்டா 1962-ல் வறுமையில் இறந்தார். அவருடைய மகள்களுக்கு ஓரளவு நியாயம் கிடைக்க 2006 வரை ஆனது. அது டிரேசி செய்த பதிவு இல்லை. ஆனாலும் பதிவுத் தொழில் எந்தத் தராசில் நின்றது என்பதை அது காட்டுகிறது.

ஆகவே ஒரு காப்பகத்தை மதிப்பிட அதில் எத்தனை ஆயிரம் பாட்டு இருக்கிறது என்று எண்ணுவது போதாது. அதில் எத்தனை பாட்டு பாடியவர்களின் வீட்டுக்குத் திரும்பியது என்று கேட்க வேண்டும்.

ஊர் திரும்பிய பாட்டு

1977-ல் டிரேசி இறந்தார். அவருடைய மகன் ஆண்ட்ரூ டிரேசி நூலகத்தைத் தென்னாப்பிரிக்காவின் ரோட்ஸ் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவந்து 2005 வரை நடத்தினார். டிம்பிலா, ம்பிரா இரண்டையும் ஆப்பிரிக்கக் கலைஞர்களிடம் உட்கார்ந்து கற்றவர் அவர். அவருக்குப் பின் பொறுப்பேற்ற டயான் த்ராம் காலத்தில் பதிவுகள் டிஜிட்டல் வடிவத்துக்கு மாறின; இணையத்தில் தேடிக் கேட்கும் வசதி வந்தது; தென்னாப்பிரிக்கப் பள்ளிகளுக்கு அந்த இசையை வைத்தே பாடநூல்களும் உருவாயின. அதற்கடுத்த கட்டம், பதிவுகளை நேரில் எடுத்துக்கொண்டு ஊர்களுக்குப் போவது.

கென்யாவின் கெரிச்சோ பகுதியில் வாழும் கிப்சிகிஸ் மக்களிடம் டிரேசி 1950-ல் ஒரு பாட்டைப் பதிவு செய்திருந்தார். ஜிம்மி ரோஜர்ஸ் என்ற அமெரிக்கப் பாடகரின் இசைத்தட்டுகள் அந்தக் கிராமங்களில் ஒலித்திருந்தன. கண்ணில் காணாத அந்தப் பாடகரைப் பாதி மனிதன் பாதி மான் என்று கற்பனை செய்து, 'செமிரோச்சா' என்று பெயர் வைத்து, ஆடவரும்படி அவரை அழைத்துப் பெண்கள் பாடினார்கள். யாழ் வகையைச் சேர்ந்த உள்ளூர் வாத்தியம் துணைக்கு ஒலித்தது. டிரேசியின் பதிவுகளிலேயே மிகவும் புகழ்பெற்றது இது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இசைப் பித்தர்கள் இதைத் தேடித் தேடிக் கேட்டார்கள். பாடிய ஊரில்தான் அதன் பிரதி இல்லை.

சுமார் 65 ஆண்டுகளுக்குப் பிறகு, நைரோபியைச் சேர்ந்த கெட்டெபுல் மியூசிக் அமைப்பும் இசை நூலகமும் சேர்ந்து அந்தப் பதிவுகளைக் கிப்சிகிஸ் கிராமங்களுக்கே கொண்டுபோயின. அன்று இளைஞர்களாக இருந்து வாசித்தவர்களில் தள்ளாத வயதில் எஞ்சியிருந்தவர்கள் தங்கள் இளமைக் குரலைத் தாங்களே கேட்டார்கள். வாழ்நாள் முழுதும் காத்திருந்து கிடைத்த கூலி என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

உகாண்டாவிலும் இது நடந்தது. டிரேசி வந்துபோன அதே காலத்தில் கம்பாலா அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்த கிளவுஸ் வாக்ஸ்மன் என்ற ஜெர்மானிய அறிஞரும் நாடு முழுக்கச் சுற்றிப் பதிவு செய்திருந்தார். அவை லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருந்தன. அவற்றின் பிரதிகள் மக்கரேரே பல்கலைக்கழகத்துக்கு வந்துசேர்ந்தன. அங்கே வாக்ஸ்மன் பெயரிலேயே ஒலி-ஒளிக் காப்பகம் எழுந்தது. சில்வியா நன்யோங்கா தமுசுசா என்ற உகாண்டா நாட்டுப் பேராசிரியை அதை முன்னெடுத்தார். அந்நியர் எடுத்த பதிவை அந்த மண்ணின் ஆய்வாளர் விளக்கும் நிலை வந்தது.

எண்டெங்கா என்னவானது? 1993-ல் உகாண்டாவில் முடியாட்சிகள் பண்பாட்டு அமைப்புகளாக மீண்டும் அனுமதிக்கப்பட்டன. முட்டேசாவின் மகன் புகாண்டா மன்னராக முடிசூடினார். மன்னர் வந்தாலும் முரசு வரவில்லை. வாசிக்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருந்தார்கள். கடைசியில், கியம்போகோ பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் இசபிரியே, உயிரோடு இருந்த ஒரு முன்னாள் எண்டெங்கா கலைஞரைக் கொண்டு இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஏற்பாடு செய்தார். 1966-ல் நின்ற இசை, அரை நூற்றாண்டுக்குப் பிறகு மறுபடியும் கைகளுக்கு வந்தது.

இதிலிருந்து ஒன்று தெளிவாகத் தெரிகிறது. எண்டெங்கா எப்படி ஒலிக்க வேண்டும் என்று பழைய பதிவு சொல்லும். எந்த முரசு யாருக்கு, குச்சியை எப்படிப் பிடிப்பது, முதல் அடியை யார் எடுப்பது என்பதை எந்த இசைத்தட்டும் சொல்லாது. அதற்கு மனிதர் வேண்டும். மனிதர் இருக்கும்போதே பதிவும் பயிற்சியும் சேர்ந்து நடந்தால் மரபு பிழைக்கும். அவர் போன பிறகு பதிவு மட்டும் எஞ்சினால், மரபின் படம்தான் நம்மிடம் இருக்கும்.

நம் வாசலிலும் இதே கேள்வி

இது தூரதேசத்துக் கதை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. டச்சு அறிஞர் ஆர்னால்ட் பேக் 1938-ல் தமிழகம், கேரளம், கர்நாடகப் பகுதிகளில் நாட்டார் இசையையும் கூத்துகளையும் பதிவு செய்தார். 1984-ல் நசீர் ஜெய்ராஸ்போய், எமி கேட்லின் இருவரும் அந்தப் பதிவுகளைக் கையில் எடுத்துக்கொண்டு அதே ஊர்களைத் தேடி வந்தார்கள். கலைஞர்களின் வாரிசுகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். எது மிஞ்சியது, எது மாறியது என்று மறுபடியும் பதிவு செய்தார்கள். வெளிநாடுகளில் கிடக்கும் இந்திய இசைப் பதிவுகளின் பிரதிகளை நாட்டுக்குள் கொண்டுவருவதை முக்கிய நோக்கமாகக் கொண்டு 1982-ல் தொடங்கிய இன இசையியல் காப்பகம், இன்று டெல்லியை அடுத்த குருகிராமில் இயங்குகிறது. ஆக, வழி தெரியாமல் இல்லை. அந்த வழியில் நடப்பவர்கள்தான் குறைவு.

நம் பல்கலைக்கழகத் துறைகளிலும், வானொலி நிலையங்களிலும், ஆய்வாளர்களின் வீட்டு அலமாரிகளிலும் பம்பை, உறுமி, பறை, உடுக்கை, கொம்பு எல்லாம் ஒலிநாடாக்களில் உறங்குகின்றன. காந்த நாடா சாகாவரம் பெற்றதில்லை. ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், பூச்சு உதிரும், ஓட்டிக் கேட்கும் கருவியும் கிடைக்காமல் போகும். வைத்திருப்பவர்கள் இன்றே அவற்றை டிஜிட்டலுக்கு மாற்ற வேண்டும். வாசித்தவரின் பெயர், ஊர், வாத்தியம், ஆண்டு நான்கையும் சேர்த்து எழுத வேண்டும். ஒரு பிரதியை அந்தக் கலைஞரின் குடும்பத்திடம் கொடுக்க வேண்டும். வருமானம் வந்தால் பங்கும் கொடுக்க வேண்டும். புதிதாகப் பதிவு செய்யக் கிளம்பும் இளைஞர்களுக்கும் இதே விதிதான். செல்போனில் எடுத்து இணையத்தில் ஏற்றும்போது 'கிராமிய இசை' என்று மட்டும் தலைப்பிட்டு விடாதீர்கள். வாசித்தவரிடம் அனுமதி கேளுங்கள், அவர் பெயரை முதலில் போடுங்கள். பெயரில்லாத பதிவு பாதிக் களவு.